ஏக்தாரா வாங்கப் போகிறேன்: சுரைக்குடுக்கையா, சிரட்டையா, மரமா?

மழைக்காகம் | நவம்பர் 9, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். நான் தாம்பரம். வாரம் ஒருநாள் நண்பர்கள் ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டு மொட்டைமாடியில் கூடிச் சித்தர் பாடல்கள் பாடுகிறோம். சுருதிக்கு இதுவரை கைப்பேசியில் இருக்கும் தம்பூராதான். பாட்டு ஏறி நிற்கிற நேரத்தில் யாராவது கூப்பிட்டுவிடுவார்கள், சுருதி நின்றுவிடும். கையில் பிடித்துக்கொண்டு நின்றும் நடந்தும் பாட ஒரு கருவி வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை. வங்காளத்தில் ஊர் ஊராகப் போய்ப் பாடும் பாவுல் பாடகர்கள் வைத்திருக்கும் ஒற்றைத் தந்திக் கருவியான ஏக்தாராதான் கண்ணிலேயே நிற்கிறது.

போன மாதம் இணையத்தில் ஒன்று வாங்கினேன். சிவப்பும் மஞ்சளுமாகப் பூ வரைந்து பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் தந்தியை இறுக்கும் முளையான பிருடை முறுக்கிய இடத்தில் நிற்கவே இல்லை. இரண்டாவது வாரம் தோல் நடுவில் கிழிந்து தந்தி கையோடு வந்துவிட்டது. திருப்பி எடுத்துக்கொள்ள மறுத்துவிட்டார்கள். அன்றைக்கு மனசு மிகவும் சங்கடப்பட்டது.

ஜனவரியில் அலுவலக வேலையாகக் கொல்கத்தா போகிறேன். நேரில் பார்த்தே வாங்கலாம் என்று இருக்கிறேன். எதைப் பார்க்க வேண்டும்? என் குரலின் சுருதி ஒன்றரைக் கட்டை. கூடப் பாடும் அக்காக்கள் இருவருக்கும் ஐந்து.

ஜலந்தர்_ஜவான் | நவம்பர் 9, இரவு 10.25

தம்பி, நான் பட்டாளத்தில் இருந்தபோது பஞ்சாபில் பல வருடம் கழித்தவன். நீங்கள் தும்பி வாங்குங்கள். அதற்கும் ஒரே தந்திதான். பஞ்சாபி நாட்டுப்புறப் பாடகர் லால் சந்த் யமலா ஜட் கையில் ஏந்திப் பாடிப் பாடியே பஞ்சாப் முழுக்கப் பரவிய கருவி. சின்னதாக இருக்கும், தோள்பையில் அடங்கும், சத்தமும் கணீரென்று வரும். எங்கள் முகாமுக்குப் பக்கத்து ஊரில் ஒரு பெரியவர் சாயங்காலமானால் மீட்ட ஆரம்பிப்பார், அரை மைலுக்குக் கேட்கும்.

போல்பூர்வாசி | நவம்பர் 10, காலை 6.15

ஜவான் ஐயா சொல்லும் தும்பி எனக்கும் பிடித்த கருவி. ஆனால் தம்பி கேட்கும் வேலை வேறு. தும்பியில் இடதுகை விரல் தந்தியை அழுத்திச் சுரம் பிடிக்கும், வலதுகை ஆட்காட்டி விரல் முன்னும் பின்னும் ஓயாமல் சுண்டும். குரலுக்கு முன்னால் துள்ளி ஓடுகிற கருவி அது. தந்தி குட்டை, சுருதி மேலே. மெதுவாக இழுத்துப் பாடும் சித்தர் பாட்டுக்கு அடியில் அசையாமல் நிற்க ஓர் ஆதாரம்தான் உங்களுக்குத் தேவை.

நான் மேற்கு வங்காளத்துப் போல்பூரில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவன். பார்த்ததையெல்லாம் எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

முதலில் ஒன்று. கடையில் ஏக்தாரா என்று கேட்டால் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று, சுரைக்குடுக்கையில் நீளக் கோல் செருகி, முகப்பில் தோல் போர்த்தி, தந்தியைத் தாங்கும் சின்னக் கட்டையான குதிரையை வைத்துத் தந்தி கட்டியது. மீரா படங்களில் நாம் பார்த்தது இந்த வகையைத்தான். ராஜஸ்தானிலும் மகாராஷ்டிரத்திலும் பஜனைக்காரர்கள் கையில் இருப்பதும் இதுதான். இன்னொன்று வங்காளத்துக் கோபிஜந்திரம். மூங்கில் துண்டு ஒன்றை உச்சிக் கணுவை மட்டும் விட்டுவிட்டுக் கீழ்ப்பகுதியைப் பிளந்து, எதிரெதிராக இரண்டு பட்டைகளை நிறுத்தி மீதியைச் சீவி எடுத்துவிடுவார்கள். அந்த இரண்டு கால்களுக்கும் நடுவில் குடுக்கை உட்காரும். குடுக்கையின் மேல்வாய் திறந்திருக்கும், அடிவாயில் ஆட்டுத்தோல். தோலின் நடுவிலிருந்து தந்தி கிளம்பிக் குடுக்கைக்குள்ளாகவே ஏறி உச்சியில் பிருடைக்குப் போகும். பிருடையை அங்கே ‘கான்’ என்பார்கள், காது என்று பொருள். பாவுல்கள் வைத்திருப்பது இந்த வகை.

இதில் குதிரை கிடையாது. தந்தியின் இழுவை முழுவதையும் தோலின் நடுப்புள்ளி ஒன்றே தாங்க வேண்டும். உங்களுடையது கிழிந்தது அதனால்தான். வாங்கும்போது கருவியைக் கவிழ்த்து அடிப்பக்கம் பாருங்கள். தந்தி தோலைத் துளைக்கும் இடத்தில் ஒரு தோல் வில்லையோ பித்தானோ காசோ வைத்துத்தான் முடிச்சுப் போட்டிருக்க வேண்டும். வெறும் முடிச்சு தோலில் நேராக உட்கார்ந்திருந்தால் அதை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அடுத்தது மூங்கில். மூன்று வருடமாவது முற்றியிருக்க வேண்டும். இளமூங்கில் மாவுச்சத்து நிறைந்தது, வண்டுக்கு அதுதான் உணவு. பட்டையில் குண்டூசி முனை அளவு துளை இருக்கிறதா, விரலால் தடவினால் மாவு மாதிரித் தூள் ஒட்டுகிறதா என்று பாருங்கள். வார்னிஷ் அடித்து மறைத்திருந்தால் பட்டையின் உள்பக்கத்தைப் பாருங்கள், அங்கே யாரும் அடிக்க மாட்டார்கள். அப்புறம், பிருடை நுழையும் துளையிலிருந்து கீழ்நோக்கி மயிரிழை வெடிப்பு ஏதும் ஓடுகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும்.

இனிக் குடுக்கை. சமையல் சுரை சுவர் மெல்லியது. பேய்ச்சுரை என்கிறோமே, அந்தக் கசப்புச் சுரை முற்றிக் காய்ந்ததுதான் நல்லது. விரல் கணுவால் தட்டினால் கெட்டியாகச் சத்தம் வர வேண்டும். பட்டையைக் குடுக்கையோடு சேர்க்கும் ஆணியைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்றும் பாருங்கள். சிரட்டை ஏக்தாரா சின்னது, உறுதியானது, சத்தம் மட்டும் கொஞ்சம் மூக்கில் பேசும். குழந்தைக்கு வாங்க நல்லது. மரத்தில் கடைந்தது ரொம்ப நாள் வரும், கனமும் அதிகம்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று. சுருதி கூட்டிவிட்டு இரண்டு பட்டைகளையும் கையால் நெருக்கி விடுங்கள். பத்துத் தடவை அப்படிச் செய்துவிட்டுத் தந்தியைத் தட்டுங்கள். முதலில் வைத்த சுருதியிலேயே இருக்கிறதா? இருந்தால் மூங்கிலும் பிருடையும் தோலும் மூன்றுமே சரி.

அதற்கப்புறம் கடையில் நின்றபடியே பாடுங்கள். வெட்கப்படாதீர்கள். உங்கள் குரலும் அந்தத் தந்தியும் ஒன்றோடொன்று சேர்கிறதா என்பதை வேறு யாரும் உங்களுக்குச் சொல்ல முடியாது. பாடிப் பார்க்காமல் ஏக்தாரா வாங்கவே கூடாது என்பது என் உறுதியான எண்ணம்.

மூட்டுக்காரர் | நவம்பர் 10, மதியம் 2.05

தஞ்சாவூரில் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் தோல் மூட்டுகிற குடும்பம் எங்களுடையது. போல்பூர் ஐயா தோலைப் பற்றிச் சொன்னது அத்தனையும் சரி. மேலே இரண்டு விஷயம் சேர்க்கிறேன்.

தோலைச் சன்னலுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். தடிமன் எங்கும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். நடுவில் மட்டும் வெளுத்துத் தெரிந்தால் அங்கே அதிகமாகச் சுரண்டிவிட்டார்கள் என்று பொருள். முதலில் கிழியப்போவது அந்த இடம்தான்.

இன்னொன்று, ஆட்டுத்தோல் தவிர வேறு எதுவும் வேண்டாம். வங்காளத்தின் இன்னொரு தந்திக் கருவியான தோதாராவில், பழையது என்றால், உடும்புத் தோல் இருக்கும். யாராவது ‘பழைய சரக்கு, நாதம் தனி’ என்று சொல்லி அந்தத் தோல் போட்ட கருவியைக் காட்டினால் தொடாதீர்கள். நம் ஊர்க் கஞ்சிராவுக்கும் ஒரு காலத்தில் உடும்புதான். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் உடும்பு முதல் அட்டவணையில் இருக்கிறது. வாங்கினாலும் குற்றம், விற்றாலும் குற்றம்.

மரம் கனம் என்றார் ஐயா. எனக்கு அதில் உடன்பாடில்லை. பலாமரத்தில் மெல்லிசாகக் கடைந்தால் சுரையை விட ஒன்றும் பெரிய கனம் இல்லை. கார்வையும், அதாவது நாதம் நிற்கும் நேரமும் நீளும், கீழே விழுந்தாலும் உடையாது.

போல்பூர்வாசி | நவம்பர் 10, மாலை 7.30

நீங்கள் கடைந்தால் மெல்லிசாக வரும், ஐயா. சந்தையில் வருவது அப்படி இல்லை, உள்ளே பாதிதான் குடைந்திருப்பார்கள். பாவுல் ஒருவர் ஒரு கையில் ஏக்தாராவைக் காதருகே தூக்கிப் பிடித்து, அந்தக் கையின் ஆட்காட்டி விரலாலேயே தட்டுவார். மறு கை இடுப்பில் கட்டிய டுக்கி என்ற சின்ன மேளத்தை வாசிக்கும். காலில் சலங்கை. இப்படி ஆடிக்கொண்டே இரண்டு மணி நேரம் பாடுகிறவருக்கு நூறு கிராம் கூடினாலும் தோள் சொல்லிவிடும். மொட்டைமாடியில் உட்கார்ந்து பாட மரம் போதும் என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தம்பி நடந்துகொண்டே பாட வேண்டும் என்கிறாரே.

ஜலந்தர்_ஜவான் | நவம்பர் 10, இரவு 8.10

ஒரு சந்தேகம். பட்டையை நெருக்கினால் தந்தி இறுகிச் சுருதி ஏறும்தானே? அப்படி ஏற்றி ஏற்றித்தான் அந்த ‘டொய்ங்’ என்ற சத்தம் வருகிறது என்று நினைத்திருந்தேன்.

போல்பூர்வாசி | நவம்பர் 10, இரவு 8.45

இல்லை ஐயா, இறங்கும். நேராக நிற்கும் பட்டைகளை நெருக்கினால் உள்பக்கமாக வளையும். வளைந்தால் உச்சிக் கணு ஒரு நூல் அளவு கீழே இறங்கும், தந்தி தளரும், சுருதி இறங்கும். விட்டால் திரும்ப ஏறும். நீங்கள் கேட்டது அந்த ஏற்றம்தான், விடும்போது வருவது. நல்ல மூங்கில் என்றால் சரியாகப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும்.

நாஞ்சில்_நதி | நவம்பர் 11, காலை 11.20

படிக்கப் படிக்க எங்கள் பக்கத்து நினைவு வருகிறது. எனக்கு நாகர்கோவில். கேரளத்துச் சர்ப்பக் காவுகளில், அதாவது நாகங்களை வணங்கும் தோப்புகளில், புள்ளுவர்கள் என்ற பாடகர் குலத்தார் பாடும்போது இரண்டு கருவி இருக்கும். வில்லால் இழைக்கும் புள்ளுவன் வீணை ஒன்று. அதற்கும் ஒரே தந்திதான். இன்னொன்று புள்ளுவக் குடம். மண்குடத்தின் அடியை எடுத்துவிட்டுத் தோல் போர்த்தி, தோலிலிருந்து தந்தியை இழுத்து ஒரு கட்டையில் கட்டியிருப்பார்கள். பெண்கள் அந்தக் கட்டையைக் காலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு தட்டுவார்கள். தோலிலிருந்து தந்தி புறப்படும் வித்தை போல்பூர் ஐயா சொன்ன அதேதான். வங்காளமும் கேரளமும் எங்கே, இந்த ஒற்றுமை எங்கே என்று ஆச்சரியமாக இருக்கிறது. சின்ன வயதில் அந்தக் குடத்தின் சத்தம் கேட்டால் எனக்கு உடம்பு சிலிர்க்கும். இன்றைக்கும்தான்.

வாங்குகிற விஷயத்துக்கு இது உதவாது, மன்னிக்கவும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

மூட்டுக்காரர் | நவம்பர் 11, மதியம் 1.15

மன்னிப்பு எதற்கு அம்மா, இதெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியதுதானே. அந்தக் குடத்துக்குத் தோல் கட்டுவதை ஒருமுறை பக்கத்தில் இருந்து பார்க்க எனக்கும் ஆசை.

மழைக்காகம் | நவம்பர் 11, இரவு 9.05

இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. நன்றி. ஒன்று கேட்கிறேன். ஒன்றரைக் கட்டைக்கும் ஐந்து கட்டைக்கும் ஒரே ஏக்தாரா போதுமா, முறுக்கிக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாமா?

மூட்டுக்காரர் | நவம்பர் 12, காலை 7.00

முறுக்கலாம், ஆனால் இரண்டிலும் நன்றாகப் பேசாது. ஐந்து கட்டைக்கு வைத்த மெல்லிய தந்தியை ஒன்றரைக்கு இறக்கினால் தொளதொளவென்று தோலில் அதிர்வே ஏறாது. ஒன்றரைக்கு வைத்த தடித்த தந்தியை ஐந்துக்கு ஏற்றினால் இழுவை இரட்டிப்பாகும், தோலோ மூங்கிலோ ஏதாவது ஒன்று போய்விடும். கிட்டார்த் தந்தி விற்கும் கடையில் சுற்றுக் கம்பி இல்லாத வெறும் எஃகுத் தந்தி தனியாகக் கிடைக்கும். ஐந்து கட்டைக்கு 0.25 மில்லிமீட்டர், ஒன்றரைக்கு 0.35. இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இழுவையில் நிற்கும்.

அதனால் உங்களுக்கு ஒன்று, அக்காக்களுக்கு ஒன்று என்று இரண்டாக வாங்குங்கள். பிருடை வழுக்கினால் வீணைக்காரர்கள் செய்கிற மாதிரி வெளியே இழுத்துச் சாக்கட்டித் தூளைத் தடவித் திரும்பச் செருகுங்கள். எண்ணெய் மட்டும் படவே கூடாது.

மெல்பர்ன்_மலர் | நவம்பர் 12, மாலை 4.50

வெளிநாட்டில் இருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காக: மூங்கிலும் பதப்படுத்தாத தோலும் சுரைக்குடுக்கையும் ஆஸ்திரேலியாவுக்குள் கொண்டுவரும்போது வருகை அட்டையில் கட்டாயம் அறிவிக்க வேண்டும். நான் அறிவித்தேன். அதிகாரி பட்டையின் உள்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார், வண்டுத் துளை இல்லை என்று கொடுத்துவிட்டார். தோலில் முடி ஒட்டிக்கொண்டிருந்தால் சிக்கல் வரும், அதனால் சுத்தமாக மழித்த தோலாகப் பார்த்து வாங்குங்கள். மறைத்துக் கொண்டுவந்தால் அபராதம் பெரிது, கருவியும் போய்விடும்.

இங்கே குளிர்காலத்தில் அறைச்சூட்டில் காற்று ரொம்ப உலர்ந்துவிடுகிறது. தோல் விண்ணென்று இறுகும். ஒவ்வொரு முறை பாடி முடித்ததும் பிருடையை இரண்டு சுற்றுத் தளர்த்திவிட்டுத்தான் மாட்டுவேன்.

போல்பூர்வாசி | டிசம்பர் 28, காலை 6.40

தம்பி, ஜனவரி என்றீர்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் மகர சங்கராந்தியை ஒட்டிப் போங்கள். பீர்பூம் மாவட்டத்தில் அஜய் நதிக்கரையில் கெந்துலி என்று ஓர் ஊர். கீதகோவிந்தம் பாடிய ஜெயதேவர் பிறந்த ஊர் என்று வங்காளத்தார் கொண்டாடுவது அதைத்தான். அங்கே சங்கராந்திக்குப் பாவுல் மேளா. போல்பூரிலிருந்து முப்பது கிலோமீட்டர் அளவில் வரும். ஹவுராவிலிருந்து போல்பூருக்கு ரயிலில் இரண்டரை, மூன்று மணி நேரம். அது முடியாவிட்டால் சாந்திநிகேதனில் சோனாஜுரிக் காட்டுச் சந்தை, சனிக்கிழமைதான் அதற்குப் பழைய நாள். கொல்கத்தாவிலேயே முடிக்க வேண்டும் என்றால் ரவீந்திர சரணியில் லால்பஜார் பக்கம் வரிசையாக இசைக்கருவிக் கடைகள் இருக்கின்றன.

சந்தையில் முதலில் கண்ணில் படுவது அலங்காரத்துக்கு மாட்டுகிற சின்ன ஏக்தாராக்கள்தான். வங்கதேசத்துப் பாவுல் பாடல்களை யுனெஸ்கோ 2005-இல் மனிதகுலத்தின் மரபுச் செல்வம் என்று அறிவித்து 2008-இல் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. அதற்கு முன்பும் பின்பும் சுற்றுலாவுக்கு வருகிறவர்கள் வாங்கிப்போவது அந்தச் சின்னதைத்தான். செய்கிறவருக்கு அது வயிற்றுப்பாடு, குறை சொல்ல ஒன்றுமில்லை. நீங்கள் ‘பாடுவதற்கு வேண்டும்’ என்று சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லுக்கு, துணி சுற்றிப் பின்னால் வைத்திருப்பதை எடுப்பார்கள்.

மழைக்காகம் | ஜனவரி 24, இரவு 10.30

வாங்கிவிட்டேன். இரண்டு.

கெந்துலிக்கே போனேன். ஆற்றுமணலில் வரிசையாக ஆக்ராக்கள், அதாவது பாவுல்கள் கூடிப் பாடும் இடங்கள், துணிப்பந்தல்கள். ராத்திரி முழுக்கப் பாட்டு. அப்படி ஒரு குளிர் என்று தெரியாமல் மெல்லிய சட்டையோடு போய்விட்டேன். ஒரு பந்தலில் பெரியவர் ஒருவர் பாடத் தொடங்குமுன் ஏக்தாராவைக் கரி அடுப்புக்கு மேலே ஒரு முழம் தள்ளிப் பிடித்து, மெதுவாகச் சுற்றிச் சுற்றித் தோலைச் சூடாக்கினார். இடையிடையே விரலால் தட்டிக் காதில் வைத்துக் கேட்டார். பனியில் தளர்ந்த தோல் கொஞ்சம் கொஞ்சமாக ஏறுவது எனக்கே கேட்டது. யாரோடும் பேசவில்லை. சுருதி சேர்ந்ததும் அப்படியே எழுந்து பாட ஆரம்பித்தார்.

காலையில் ஓரமாகச் சாக்கு விரித்து உட்கார்ந்திருந்த ஒருவரிடம் போனேன். முன்னால் முழுக்க வண்ணம் அடித்த சின்னச் சின்ன ஏக்தாராக்கள். போல்பூர் ஐயா சொல்லிக்கொடுத்த மாதிரியே ‘கான் கொர்பார் ஜொன்னோ’ என்றேன், பாடுவதற்கு என்று. என்னை ஒரு நிமிடம் பார்த்தார். பின்னால் இருந்த கோணி மூட்டையை அவிழ்த்து மூன்று எடுத்தார். வண்ணம் எதுவும் இல்லை. சுரை அதன் நிறத்திலேயே இருந்தது, புகை ஏறிய மாதிரிப் பழுப்பாக. கவிழ்த்துப் பார்த்தேன், ஒவ்வொன்றிலும் தோல் வில்லை இருந்தது.

முதலாவது பத்து நெருக்கலில் இறங்கிவிட்டது. இரண்டாவது நின்றது. பாடச் சொன்னீர்களே, கண்ணை மூடிக்கொண்டு நான்கு வரி பாடினேன். தமிழ் அவருக்குப் புரியாது. ஆனால் பாதியில் கையை நீட்டி ஏக்தாராவை வாங்கிக்கொண்டார். இடுப்புக் கத்தியை எடுத்து ஒரு பட்டையின் உள்பக்கத்தை நாலைந்து தடவை மெல்லச் சீவினார், இலை நரம்பு மாதிரிச் சுருள் சுருளாக விழுந்தது. பிருடையைக் கொஞ்சம் இறக்கித் திருப்பிக் கொடுத்துத் தலையை அசைத்தார். திரும்பப் பாடினேன். முன்பு என் குரலுக்கு ஒரு விரற்கடை மேலே நின்ற சத்தம் இப்போது குரலுக்குள்ளேயே இருந்தது. வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. அங்கேயே கண் கலங்கிவிட்டது.

என்னுடையது சுரை, 1,100 ரூபாய். அக்காக்களுக்குக் கொஞ்சம் சின்னதாக மரத்தில் ஒன்று, 900. பேரம் பேசவில்லை. மூட்டுக்கார ஐயா, மரத்தது உங்களுக்காகவே வாங்கினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே நன்றாகவே குடைந்திருக்கிறார்.

விமானத்தில் சுரையைப் பெட்டியில் போட மனம் வரவில்லை. குடுக்கைக்குள் காட்டன் துணி அடைத்து, தந்தியைத் தளர்த்தி, சால்வையில் சுற்றிக் கையிலேயே கொண்டுவந்தேன். கேட்டவர்களுக்கெல்லாம் பாட்டுக்கருவி என்று சொன்னேன், வழிவிட்டார்கள்.

நாஞ்சில்_நதி | ஜனவரி 25, காலை 8.15

படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருக்கிறேன். அந்தப் பெரியவர் தோல் காய்ச்சிய இடத்தை இரண்டாவது முறையும் படித்தேன்.

ஜலந்தர்_ஜவான் | ஜனவரி 25, காலை 9.40

ரொம்ப சந்தோஷம் தம்பி. உங்கள் மொட்டைமாடிக்கு ஒருநாள் என் தும்பியோடு வரலாமா? நான் செங்கல்பட்டில்தான் இருக்கிறேன்.

மழைக்காகம் | ஜனவரி 25, இரவு 9.10

கட்டாயம் வாருங்கள் ஐயா. ஞாயிறு மாலை ஐந்தரை மணிக்குக் கூடுவோம். முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புகிறேன்.

மூட்டுக்கார ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஐப்பசி, கார்த்திகையில் எங்கள் தெருவில் சுவரே வேர்க்கும். தோலை எப்படிக் காப்பது? அவர் மாதிரிக் கரி அடுப்பில் காட்டலாமா?

மூட்டுக்காரர் | ஜனவரி 26, காலை 6.50

பழகின கை காட்டலாம், நீங்கள் இப்போதைக்கு வேண்டாம். ஒரு நொடி அதிகமானால் தோல் சுருங்கி விளிம்பில் பிரிந்துவிடும். மழை நாளில் துணிப்பைக்குள் ஒரு பிடி வறுத்த அரிசியைச் சின்ன முடிச்சாகக் கட்டிப் போட்டு வையுங்கள், வாரம் ஒருமுறை மாற்றுங்கள். சுவரில் மாட்டாதீர்கள், அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். பாடுவதற்கு அரை மணி முன்னால் வெளியே எடுத்து, உள்ளங்கையைத் தோலின் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டே இருங்கள். கைச்சூடே போதும். அப்புறம் பிருடையைத் தொடுங்கள், அதற்கு முன்னால் தொடாதீர்கள்.

மரத்ததை ஒருநாள் தஞ்சாவூர் பக்கம் கொண்டுவாருங்கள். உள்ளே எப்படிக் குடைந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.